பேசாத கரடியாக ஆறு வருடம்

இப்போதைய கரடிகளுக்கு வயிற்றுக்குள் ஸ்பீக்கர் இருக்கிறது. போன மாதம் எங்கள் கடைக்கு வந்த புதுக் கரடி உடுப்பில், தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டன். அமத்தினால் பிறந்தநாள் பாட்டுப் பாடும். இன்னொரு தரம் அமத்தினால் நிற்கும். சில நாள் நிற்காது. அந்த உடுப்பைப் போடும் தம்பிமார் இரண்டு பேரும், விழாவில் ஆட்கள் உட்கார்ந்த கதிரைகளைக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அண்ணே, ஸ்பீக்கர் இல்லாத காலத்துல நீங்க எப்புடிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார்கள். நான் கரடித் துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. எனக்கு வயது முப்பத்தொன்று.

வாயால் சொன்னால் மறந்துவிடுவீர்கள், எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த வசதியை எதற்காவது பயன்படுத்த வேண்டும்தானே.

பயிற்சிக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஐந்து வருடம். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், மூன்றாவது காம்பராவில் இருந்த செல்வம் மாமா வீட்டுத் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பெற்ற பயிற்சி. லயத்துக்கே ஒரு டீவி. கரண்ட் கிடையாது, லொறி பெட்டரியில் ஓடும். சனிக்கிழமை செல்வம் மாமா பெட்டரியைச் சாக்கில் சுற்றி மாத்தளை டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவார். ஞாயிறும் திங்களும் படம் முழு அகலத்தில் தெரியும். புதன்கிழமை இரண்டு பக்கமும் கறுப்பு விழும். வெள்ளிக்கிழமை படம் பாஸ்போட் போட்டோ அளவுக்குச் சுருங்கி நடுவில் நிற்கும். டீவியில் வந்த எங்கள் கார்ட்டூன் கரடி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மெலிவதைப் பார்த்து, அவரும் அம்மாவைப் போல வெள்ளி விரதம் பிடிக்கிறார் என்று பத்து வயதுவரை நம்பினேன்.

கரடியின் பெயர் ரட்டகஜு மாமா. ரட்டகஜு என்றால் சிங்களத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை. எந்த நாட்டில் வரைந்த கரடியோ, எங்களுக்கு சிங்களத்தில் பேசி வந்தார். காட்டுக்குள் சலூன் வைத்திருந்தார். ஒரு முயல் தினமும் முடி வெட்ட வரும். வந்ததுமே கீச்சுக் குரலில், "மாமே, அத கொண்டெ கபனவத நெத்த?" என்று அவசரப்படுத்தும். இன்றைக்கு முடி வெட்டுவீர்களா மாட்டீர்களா என்று அர்த்தம். கரடி கத்தரிக்கோலைக் கீழே வைத்து, ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டு, பானைக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில் சொல்லும்: "ஹெமின் ஹெமின், மகே தருவோ. கெலே கொஹெவத் யன்னே நே." மெதுவாக, மெதுவாக, என் பிள்ளையே. காடு எங்கேயும் ஓடிப்போகாது.

முயலின் ஒரு காதோரம் வெட்டி முடிவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும்.

அந்த சலூன் வரிசையில் ஒரு முதலையும் தினம் உட்கார்ந்திருக்கும். உடம்பில் ஒரு முடி கிடையாது. முதலை ஏன் சலூனுக்கு வருகிறது என்று லயத்தில் அடிதடி வரைக்கும் வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் செல்வம் மாமா தீர்ப்புச் சொன்னார்: "டேய், அவன் பேப்பர் படிக்க வர்றான்டா. டவுன் சலூன்ல பாதிப் பேரு அப்புடித்தான்."

கடைசிப் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பாஸ்போட் போட்டோ தபால் முத்திரையாகி, முத்திரை புள்ளியாகி, புள்ளியும் அணைந்தது. கதை எப்படி முடிந்ததென்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சிங்களம் வந்துவிட்டது. படித்தது கரடியிடம் என்பதுதான் சிக்கல். பதினாறு வயதில் அடையாள அட்டைக்காக முதல்முறை தனியாக ஒரு அலுவலகத்துக்குப் போனேன். தலை நரைத்த ஒரு அம்மையார் என் படிவத்தைக் காணாமல் மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "ஹெமின் ஹெமின், மகே தருவோ" என்றேன். அதே பானைக் குரலில். எனக்குத் தெரிந்த சிங்களத்துக்கு அந்த ஒரு குரல்தான் இருந்தது. அம்மையார் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய் இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்தார். "இன்னொருக்கா சொல்லு மகன்," என்றார். சொன்னேன். படிவம் உடனே கிடைத்தது. நான்தான் அதற்குப் பிறகு சிங்களத்தில் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை, சில வருடம் வேலை தேடி அலைந்தேன். அப்போதுதான் டவுனில் ஹயர் கடை வைத்திருக்கும் ஜவ்பர் நானாவிடம் ஒரு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாயே திறக்கத் தேவையில்லாத வேலை என்றார்கள். எனக்கென்றே செய்தது போல இருந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

நானாவின் கடையில் கூடாரம், கதிரை, தட்டு, பெரிய சட்டி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். அவற்றோடு ஒரே ஒரு கரடியும். நேர்முகத் தேர்வில் நானா என் சான்றிதழ்களை முன்னும் பின்னும் திருப்பி நிதானமாக வாசித்தார். "மிச்சம் நல்ல ரிசல்ட் தம்பி," என்றார். "உயரம் எவ்வளவு?"

அப்படித்தான் நான் ரட்டகஜு மாமா ஆனேன். ஆம், அவரேதான். என் வயதுக்காரர்கள் அப்போது பிள்ளை பெற ஆரம்பித்திருந்தார்கள். தாங்கள் பார்த்த பழைய பாகங்களைத் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்கும் போனில் போட்டுக் காட்டினார்கள். அதனால் மாத்தளை மாவட்டம் முழுக்க அந்தக் கரடிக்குத் திரும்பவும் மவுசு வந்திருந்தது. நானா அந்த உடுப்பைக் கண்டியில் அளவு கொடுத்துத் தைப்பித்திருந்தார். இடுப்பில் தகரக் கத்தரிக்கோல்கூட இருந்தது.

ஜவ்பர் நானா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் கடையைத் திறந்ததும் கரடியை ஸ்டூலில் உட்காரவைத்து, பிரஷ்ஷால் வாரி, தலையில் இடப்பக்கம் வகிடு எடுப்பார். கடையில் எல்லோரும் கரடியை 'அவர்' என்பார்கள், என்னை 'இவன்' என்பார்கள். "அவரை வெயில்ல வைங்க, இவன நிழல்ல நிக்கச் சொல்லுங்க," என்று நானா சொன்னால் அது அக்கறை. நனைந்த கரடி காய இரண்டு நாள் எடுக்கும், நான் அரை மணியில் காய்ந்துவிடுவேன்.

வேலை முறையை விரிவாக எழுதுகிறேன், தம்பிமார் கவனிக்கவும். முதலில் தலையில் ஈரத் துவாய். உடம்பில் தேசிக்காய்ச் சாறு தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் உடுப்பு இரண்டாவது விழாவிலேயே நாறும். விழா வீட்டு ஒழுங்கைக்குள் வேன் திரும்ப முன்பே கரடித் தலை ஏறிவிட வேண்டும். தலையின் பட்டி பின்கழுத்தில் இருக்கிறது. கையில் கரடிப் பாதம் மாட்டிய பிறகு அதை நாமே கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. எங்கள் சாரதி லக்மால்தான் கட்டுவான், அவன்தான் அவிழ்ப்பான்.

பார்ப்பது கரடியின் கண்ணால் அல்ல, வாயால். வாய்க்குள் வலை இருக்கிறது. ஆகவே கரடி ஒரு பிள்ளையை அன்பாகக் குனிந்து பார்க்கும்போது உள்ளே இருக்கும் நமக்குத் தெரிவது அந்தப் பிள்ளையின் செருப்பு. ஆறு வருடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கட்டிப் பிடித்திருக்கிறேன், முகம் பார்த்தது குறைவு. வாய் திறந்திருப்பதால் இன்னொரு தொல்லை. தம்புள்ளையில் ஒரு மரக்கறி வியாபாரியின் வீட்டு விழாவில் பிள்ளைகள் வரிசையில் நின்று எனக்கு ஊட்டினார்கள். திரும்பி வந்து தலையைக் கழற்றியபோது நான்கு கெரட்டும் ஒரு பாகற்காயும் உள்ளே இருந்தன. பாகற்காய் கொடுத்த பிள்ளை யாரென்று இன்றுவரை யோசிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். கரடி பேசாது.

"தமிழ்ல பேசினா சிங்களப் புள்ளைக்கு விளங்காது," என்பார் நானா. "சிங்களத்துல பேசினா தமிழ்ப் புள்ளைக்கு விளங்காது. பேசாட்டி எல்லாச் சனத்துக்கும் ஒரே கரடி. பேசினா அது மனுசன். மனுசன்னா கதிரைப் பகுதி."

அது வெறும் மிரட்டல் இல்லை. எனக்கு முன்பு கரடியாக இருந்த பிரசாந்த் ஒரு வீட்டில் நாய் கடித்தபோது "ஐயோ அம்மா" என்று சொல்லிவிட்டான். இரண்டே இரண்டு சொல். மறுநாள் காலையில் கதிரைப் பகுதிக்கு மாற்றம். நான் சேர்ந்த நாளில் அவன் கதிரை அடுக்கிக்கொண்டே, "நாய் வளக்கிற வீடான்னு கேட்டுக்க மச்சான்," என்று மட்டும் சொன்னான்.

எனக்குக் கதிரைப் பகுதிக்குப் போக முடியாது. காரணம் அம்மா. பெயர் எழுதத் தெரியாமல் பெருவிரல் வைத்து வாழ்ந்தவர். மகன் படித்து டீவி சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அது பொய்யும் இல்லை. ஆனால் கதிரை டீவி சம்பந்தப்பட்டது என்று யாரிடம் சொல்வது? அதைவிட, வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அந்தக் கரடியாக இருப்பது பிடித்திருந்தது.

ஆறாவது வருடம் பல்லேபொலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். மிளகும் சாதிக்காயும் பயிரிட்டிருந்த பெரிய தோட்டத்து வீடு. ஸைனப் என்ற பிள்ளைக்கு ஏழு வயது. அவளுடைய வாப்பா சின்ன வயதில் பார்த்த பாகங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார், அவள் அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தாள். வேனிலிருந்து இறங்கியதும் மஞ்சள் பூப் போட்ட ஒரு செருப்பு என் முன்னால் வந்து நின்றது.

"நான் சொன்னேனே, வருவார்னு சொன்னேனே," என்றது மஞ்சள் செருப்பு.

"உள்ளுக்கு மனுசன் இருக்கான்," என்றது பக்கத்தில் நின்ற ஒரு பெரிய சப்பாத்து. அது ஷாகிர். அவளுடைய மாமா மகன், பத்து வயது, கொழும்பிலிருந்து வந்திருந்தான். "கொழும்புல நான் எத்தின கரடி பாத்திருக்கேன். பின்னால போய் தலையைக் கழட்டிட்டு சோடா குடிப்பானுகள்."

"அது கொழும்புக் கரடி," என்றாள் ஸைனப்.

கேக் வெட்டும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆடினேன். கை குலுக்கினேன். கத்தரிக்கோலைக் காட்டினேன். பெரியவர்கள் சாப்பாட்டுக்கு உள்ளே போனார்கள், லக்மாலும் புரியாணி வாசத்தின் பின்னாலேயே போய்விட்டான். போகக் கூடாது. சாரதி கரடியை விட்டு விலகக் கூடாது என்பதும் நானாவின் சட்டம்தான். ஆனால் அந்தப் புரியாணியின் வாசம் எனக்கே கரடி வாய் வழியாக வந்துகொண்டிருந்தது, அவனை எப்படிக் குறை சொல்வது?

முற்றத்தில் நானும் பதினொரு பிள்ளைகளும் மட்டும்.

"டீவியில ரட்டகஜு மாமா பேசுவார்தானே," என்று ஷாகிர் ஆரம்பித்தான். "இவன் ஏன் பேசல்ல?"

"அவருக்குக் களைப்பு. காட்டுலருந்து வந்திருக்கார்."

"வேன்ல வந்தான். நான் பாத்தேன். பேசச் சொல்லு. இல்லாட்டி தலையை இழுப்போம்."

"இழுக்க வேணாம் ஷாகிர் நானா!"

"பத்து வரைக்கும் எண்ணுவேன். ஒண்டு."

பிள்ளைகள் அப்படித்தான். ஒன்றை ஒருவன் சொன்னால் இரண்டை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். மூன்று என்றபோது யாரோ என் முதுகில் ஏறினார்கள். நான்கு என்றபோது பின்கழுத்துப் பட்டியில் ஒரு கை. நான் லக்மாலைத் தேடி ஒரு முழு வட்டம் திரும்பினேன். முதுகில் இருந்த பிள்ளையும் என்னோடு சேர்ந்து சந்தோஷமாகச் சுற்றியது. ஆறு. மஞ்சள் செருப்பு என் காலை மிதித்துக்கொண்டு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றது. ஏழு. அந்தச் செருப்பு ஒரு அடிகூட நகராததை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அவள் அத்தனை பேரிடமும் சத்தியம் செய்து கூட்டி வந்திருக்கிறாள். தலை கழன்றால் உள்ளே தெரியப்போவது ஈரத் துவாய் கட்டி, வியர்த்து வழியும் நான். பட்டியின் முதல் கொக்கி அவிழ்ந்தது. எட்டு.

கதிரைகள் என் கண் முன்னால் அடுக்கடுக்காக வந்தன.

ஒன்பது.

"ஹெமின் ஹெமின், மகே தருவோ," என்றேன். "கெலே கொஹெவத் யன்னே நே."

பதினாறு வயதில் பூட்டி வைத்த குரல். அதற்குள் எனக்கு மீசை வந்து, தொண்டை கட்டையாகி, குரல் இன்னும் பானைக்குள் இறங்கியிருந்தது. கரடித் தலைக்குள் அது முழங்கியதில் எனக்கே காது அடைத்தது.

முதுகில் இருந்த பிள்ளை தானாக இறங்கியது. பட்டியில் இருந்த கை போய்விட்டது. ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கி, இது அழ வேண்டிய விஷயமா என்று சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டது.

ஷாகிர் இலேசில் விடுகிற ஆள் இல்லை. "சும்மா. எல்லாருக்கும் தெரிஞ்ச பேச்சுத்தானே அது. சரி, முதலைக்கு முடியே இல்ல. அப்ப ஏன் சலூனுக்கு வருது?"

"பத்தரே கியவன்ன," என்றேன். பேப்பர் வாசிக்க. செல்வம் மாமாவின் தீர்ப்பைக் கரடிக் குரலில் சிங்களத்தில் சொன்னேன், எந்தப் பாகத்திலும் வராத பதில். ஆனால் ஷாகிரின் சப்பாத்து ஒரு அடி பின்னால் போனது.

"அப்ப, அப்ப கடைசிப் பாகத்துல என்ன நடந்த?"

இதற்குத்தான் பயந்தேன். கடைசிப் பாகம். முத்திரை, புள்ளி, இருட்டு. பதினொரு சோடிச் செருப்பும் என்னை நோக்கித் திரும்பி நின்றன. கரடியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவசரத்துக்கு ஒன்றுதான் தோன்றியது. கொட்டாவி விட்டுக்கொண்டு, "தெரியாது பிள்ளை. நான் நித்திரை," என்றேன் சிங்களத்தில்.

பிறகு ஸைனப் வீறிட்டாள்.

"ஆமா! ஆமா! கடைசிப் பாகத்துல அவர் முழுக்க நித்திரை! முயல்தான் கத்தரிக்கோலை எடுத்து அவருக்கு முடி வெட்டும்! அவருக்குத் தெரியவே தெரியாது!"

என் வாழ்நாள் முழுக்கத் தேடிய முடிவை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். முயல் அவருக்கு முடி வெட்டியதா! உட்கார்ந்து நிதானமாகச் சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஷாகிர் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"சரி. நெசக் கரடின்னா வேன்ல போக ஏலாது. நடந்து காட்டுக்குப் போகட்டும்."

"போவார்தான்," என்றாள் ஸைனப். "வேன்ல போய் அவர் என்ன செய்ற? வாங்க மாமா." என் கரடிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இப்போது யோசித்தால் அந்த இடத்தில் லக்மாலைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உண்மையான கரடி "லக்மால்" என்று கத்துமா? வீட்டின் பின்னால் மிளகுத் தோட்டம், அதற்கு அப்பால் ஏற்றம். வேலி வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோய் விட்டார்கள். வேலியடியில் ஸைனப் ஒரு கச்சான் பொட்டலத்தை என் கையில் வைத்து, "கவனமா போங்க. சின்ன முயலுக்கும் குடுங்க," என்றாள். பதினொரு பேரும் வேலியில் ஏறி நின்று கை காட்டினார்கள். நான் கை காட்டிக்கொண்டே மரங்களுக்குள் போனேன்.

வாய் வழியாகத் தரை மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன் அல்லவா. முதலில் தண்ணீர் ஓடும் ஒரு கானுக்குள் விழுந்தேன். பிறகு மிளகுக் கொடியில் சிக்கினேன். சிக்கிய இடத்தில் ஒரு ஏணி, ஏணியின் மேல் மிளகு பறிக்கும் ஒரு ஐயா. அவருடைய காலைத்தான் பார்த்தேன். யாரைக் கண்டாலும் கை காட்ட வேண்டும் என்பது நானாவின் சட்டம், ஆகவே கை காட்டினேன். ஐயா இன்னும் மூன்று படி மேலே ஏறினார். அதற்கு மேல் ஏணி இல்லை.

அரை மணி நேரத்தில் ஒரு வழியாகத் தார் வீதிக்கு வந்து சேர்ந்தேன். ஒரு கொக்கி அவிழ்ந்திருந்தாலும் மற்றக் கொக்கியை என்னால் அவிழ்க்க முடியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்ததில், வாய் வழியாக இப்போது ஆட்களின் முகமும் தெரிந்தது. தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது, கையை நீட்டினேன். மாத்தளை பஸ். நிறுத்திவிட்டார்கள். கரடி கை நீட்டினால் நிறுத்துகிறார்கள். அதே இடத்தில் மனிதர்கள் எத்தனை நாள் கை நீட்டி நின்றிருப்பார்கள்.

மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் என் வயதுதான் இருப்பான். என்னை மேலும் கீழும் பார்த்தான். இடுப்பில் கத்தரிக்கோலைப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி விரிந்தது. பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்று கத்திவிட்டு, கீச்சுக் குரலில் கேட்டான்:

"மாமே, அத கொண்டெ கபனவத நெத்த?"

அச்சு அசல் முயல்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. பின் சீட்டில் ஒரு பொடியன் முதலையைப் போலத் தொண்டையைச் செருமினான். கோப்புக் கட்டோடு இருந்த ஒரு உத்தியோகத்தர் திரும்பி, அந்த முதலை ஏன் சலூனுக்கு வந்தது என்று யாருக்காவது தெரியுமா என்று சிங்களத்தில் பொதுவாகக் கேட்டார். தெரியாமல் என்ன? முயல்மேல் காதல் என்றாள் நர்ஸ் சீருடையில் இருந்த பெண். வீட்டில் மனைவி தொல்லை என்றார் ஒருவர். என் ஊர்த் தமிழில் ஒரு குரல், "காத்தாடிக்கு அடியில இருக்கத்தான் வந்திருக்கும்," என்றது. பஸ் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எல்லோரும் முப்பதை ஒட்டிய ஆட்கள், கையில் மரக்கறிப் பையும் மருந்துத் துண்டும் வைத்திருந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே முதலை. சரியான விடை எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பேசிய பேச்சுப் போதும். கொண்டக்டர் என் வயிற்றைப் பார்த்து, கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய சீட்டில் என்னை உட்காரவைத்தான்.

பஸ் ஜன்னலில் கரடிக் காதைக் கண்டு முந்திக்கொண்டு வந்த லக்மால் பஸ்நிலையத்தில் வேனோடு காத்திருந்தான். தலையைக் கழற்றிவிட்டு, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் நானாவுக்குச் சொல்றது இல்ல மச்சான். புரியாணி விசயம் நீயும் சொல்லாத," என்றான்.

மறுநாள் காலையில் நானா கரடிக்கு வகிடு எடுத்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். புரியாணியை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"எத்தின வார்த்தை?" என்று கேட்டார், பிரஷ்ஷை நிறுத்தாமல்.

"மொதல்ல எட்டுங்க நானா. பொறகு எண்ணல்ல."

"என்ன பாசையில?"

"சிங்களம். அவரு மாதிரியேதான்."

"புள்ளைகள் நம்பிச்சா?"

"நம்பிச்சுங்க."

நானா வகிட்டை முடித்து, சீப்பை ஊதி, மேசையில் வைத்தார். "நம்பாட்டி உன்ன மன்னிச்சிருப்பேன் தம்பி. நம்பினதுதான் பிழை. நாளைக்கு எல்லா வீட்டுலயும் பேசச் சொல்லும். உனக்குக் காய்ச்சல் வந்தா வேற ஒருத்தன் போவான், அவனுக்கு அந்தக் குரல் வராது. அப்ப புள்ளைகள் கேட்கும், இவர் யாரு, அவர் எங்கன்னு. இத்தின வருசம் அவர் ஒராள்தான். ரெண்டாளாக்க ஏலாது."

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னது சரி.

அன்று மாலை பிளேன்டீயும் கேக்கும் வைத்து விடை கொடுத்தார்கள். பிரசாந்த் எனக்கென்று ஒரு கதிரையைத் துடைத்து வைத்திருந்தான். நான் சான்றிதழுக்கு மதிப்புக் கொடுப்பவன் என்று தெரிந்து நானா ஒன்று அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். 'ஆறு வருட கால கரடிச் சேவையைத் திருப்திகரமாக நிறைவு செய்தமைக்காக.' அம்மா அதை என் உயர்தரச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"ஆறு வருசம் நல்லா வேல செஞ்சேன்னு போட்டிருக்கும்மா."

"பின்ன? அதான் தெரியுமே," என்றார்.

கதிரைப் பகுதி நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எங்கள் கதிரை போனபோது அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களிடம் கதிரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். கரடியை அப்படித் தட்டிக் காட்ட முடியாதுதானே.

ஒரு வருடம் போனது. ஒரு நாள் கடைப் போன் அடித்தது. கையில் பிரஷ் இருந்ததால் நானா ஸ்பீக்கரில் போட்டார். நான் எதிரில் கதிரைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அங்கிள். பல்லேபொலையிலருந்து ஸைனப். வாப்பா எடுக்கச் சொன்னார். எனக்கு எட்டு வயசு."

நானா என்னைப் பார்த்தார். அவளுக்கு என்ன சொல்வதென்று அவர் தடுமாறியதை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். புதிதாக வந்திருந்த பையனுக்கு என் குரல் வராது. ஸ்டூலில் வகிடு எடுத்து உட்கார்ந்திருந்தவரை நானா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "வ அலைக்கும் ஸலாம் மகள். அது... ரட்டகஜு மாமா இப்ப இங்க இல்ல. அவர் காட்டுக்குப் போயிட்டார்," என்றார்.

"தெரியும் அங்கிள்," என்றாள் ஸைனப், விளங்காதவருக்கு விளங்கப்படுத்துகிற பொறுமையோடு. "நான்தானே வேலி வரைக்கும் கொண்டுபோய் விட்ட. வாப்பா கதிரைக்குத்தான் எடுக்கச் சொன்னார். இருபத்தஞ்சு கதிரை இருக்கா?"

நானா புருவத்தை உயர்த்தி என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.